சட்டிக்குள் வான்கோழிக் கழுத்து

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பாப்டிஸ்டுகளுக்குத் திடீரென்று காய்கறிமேல் காதல் வந்துவிடும். புத்தாண்டு இரவு வரைக்கும் பன்றித்தொடையைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள், காய்கறி மட்டும் தின்று, சிங்கக்குகையிலும் பிழைத்த பைபிள் தானியேலின் பெயரிலான விரதத்தைப் பாஸ்டர் அறிவித்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆர்டீலியா கிரம்ப்பின் கடை வாசலில் வந்து வரிசை கட்டுவார்கள். மூன்று வாரத்துக்கு இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. கடவுளுக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறோம் என்பார்கள். அவர்கள் மூஞ்சியைப் பார்த்தால் கடவுளே மனமிரங்கி, போதுமப்பா, போய் நாலு துண்டு சாப்பிட்டு வா என்று சொல்லிவிடுவார்.

எழுபத்தொன்பதாம் தெருவில் சலவைக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது ஆர்டீலியாவின் கடை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே சைவம் மட்டும்தான். எங்கள் கறுப்பின மக்களின் வீட்டுச் சாப்பாடுதான், ஆனால் சைவம். காலர்ட் கீரை, காராமணி, சோளரொட்டி, முந்திரிப்பால் ஊற்றிய மக்ரோனி, பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஒரு தட்டு வாங்கினால் மத்தியானம் வயிறார உண்டு மிச்சத்தை ராத்திரிக்குக் கட்டிக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கிறவர்களுக்கும் பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கிறவர்களுக்கும் கட்டுப்படியாகிற விலை. கோதுமை மாவின் பசையைப் பிசைந்து, கீறி, கருகச் சுட்டு, மேலே காரச் சாறு தடவி 'விலா எலும்பு' என்று ஒன்றும் வைத்திருக்கிறாள். விரதக்காலத்தில் அதைத் தின்னலாமா என்று எங்கள் சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்கள் ஒரு முழு மாலை விவாதித்தார்கள். பெயரில்தான் பாவம், பொருளில் இல்லை என்று முடிவு செய்துவிட்டு எல்லோரும் அதையே ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள்.

அந்த டீக்கன்களில் ஒருவர் தியோட்டிஸ் பெட்டிஃபோர்டு. அறுபத்தைந்தைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முறைப்படி 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் ஒரு பெண் கரண்டியைத் தூக்கினாலே நெஞ்சு படபடக்க நின்றுகொண்டிருக்கும் ஆளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

அவனுக்கு ஆர்டீலியாமேல் மூன்று ஜனவரிகளாக ஆசை. விரதம் இருக்கிறவரை தினமும் கடைக்கு வரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விரதம் முடிந்த மறுநாள் வந்தால் ஊரே கேட்கும். கோடைகாலத்தில் சபை விருந்துக்கு நிஜப் பன்றி விலா எலும்பு சுடுகிறவன் அவன்தான். அப்படிப்பட்டவன் பிப்ரவரியில் கீரைக்கடைக்குள் நுழைவது, தெருவில் நின்று மைக் பிடித்துக் காதலைச் சொல்வதற்குச் சமம். அதனால் இரண்டு வருடமும் விரதத்தோடு அவன் தைரியமும் முடிந்துபோனது. இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுவது என்று உறுதி எடுத்திருந்தான்.

கடைசி வியாழக்கிழமை மத்தியானம். வெளியே பனி குவிந்து கிடந்தது. கடைக்குள் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. தியோட்டிஸும், பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரன் ஜூனியஸும் வரிசையில் நின்றார்கள். ஜூனியஸ் அவனுடைய பால்யகால நண்பன். அதனால் அவனுடைய மானத்தை வாங்குகிற முழு உரிமையும் ஜூனியஸுக்கு உண்டு.

தலையில் மஞ்சள் துணி சுற்றிய ஆர்டீலியா கையில் அகப்பையோடு வரவேற்றாள். "வாங்க தானியேல்மாரே. சிங்கத்த எங்க கட்டிப் போட்டுட்டு வந்தீங்க?"

"சிங்கம் இங்கதான் நிக்குது சிஸ்டர். பசியில கர்ஜிக்கக்கூடத் தெம்பில்ல" என்று ஜூனியஸ் தியோட்டிஸின் தோளைத் தட்டினான். பிறகு காதோரம் குனிந்து, "யோவ், இன்னிக்காவது வாயத் தொற. ஞாயித்துக்கிழம வந்துருச்சுன்னா அடுத்த ஜனவரி வரைக்கும் நீ எனக்கு முன்னாடி உக்காந்து பெருமூச்சு விடுவ. என்னால தாங்க முடியாது" என்றான்.

"என்னன்னு சொல்றது?"

"சமைக்கிறவகிட்ட சமையலப் பத்திச் சொல்லு. கண்ணு, மூக்குன்னு போயிராத. உனக்கு வராது."

நல்ல யோசனைதான். தட்டோடு உட்கார்ந்து முதல் வாய் கீரையை மென்றதும் தியோட்டிஸுக்கு யோசனை எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கீரையில் ஒரு புகை வாசம் உண்டு. நாக்கில் பட்டதும் அடிவயிறு வரைக்கும் இறங்கும். மூன்று வாரமாக இறைச்சியைக் காணாத மனிதனுக்கு அது கண்ணில் நீர் வரவைக்கும் வாசம். அவன் வாய் தானாகவே திறந்துகொண்டது. முப்பது வருடம் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்படி நிறுத்தங்களின் பெயரைக் கூவிய வாய்.

"சிஸ்டர் ஆர்டீலியா! நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. சட்டிக்கு அடியில ஒண்ணே ஒண்ணு, புகைபோட்ட வான்கோழிக் கழுத்து, கெடக்குது இல்ல?"

கடை அப்படியே நின்றுபோனது.

இதில் அவனுடைய நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் பக்கத்தில் பன்றி என்றால் இறைச்சி, மாடு என்றால் இறைச்சி. கீரையில் கிடக்கிற வான்கோழிக் கழுத்து இறைச்சிக் கணக்கில் வராது, அது உப்பு மாதிரி. டாக்டர்கள் பன்றியை விடு என்று சொன்ன நாளில் ஊரே வான்கோழிக்கு மாறிவிட்டு, தாங்கள் சைவமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. எந்த அத்தையிடமாவது கீரையில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள், சேச்சே, வெறும் வான்கோழிதான் என்பாள். கீரை சமைத்தவளிடம் கழுத்து போட்டாயா என்று கேட்பது இங்கே பெரிய பாராட்டு. சபை விருந்தில் கேட்டிருந்தால் கன்னத்தில் ஒரு முத்தம்கூடக் கிடைத்திருக்கும்.

ஆனால் இது சபை விருந்து இல்லை. வாலிபத்திலேயே இறைச்சியை விட்ட, பின்னல் தொப்பி போட்ட நெட்டை மனிதர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் முள்கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். நடு மேஜையில் சபையின் மூத்த தாய்மார்களில் ஒருத்தியான மதர் ஹேஸல், வாய்க்குப் போன கீரையைப் பாதி வழியில் நிறுத்தினாள்.

"கழுத்தா? ஏம்மா ஆர்டீலியா, மூணு வாரமா இந்தக் கீரையத்தானேம்மா நான் தின்னுட்டிருக்கேன்!"

"மதர், என் சட்டியில கழுத்தும் இல்ல, காலும் இல்ல" என்று சொன்ன ஆர்டீலியா, அகப்பையை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "டீக்கன் பெட்டிஃபோர்டு, இந்தக் கடை வாசலத் தாண்டி இதுவரைக்கும் ஒரு எலும்பு உள்ள வந்ததில்ல. என் பேரே அதுதான். அதத்தான் இப்ப நீங்க கூவி வித்துட்டீங்க."

"ஐயோ, நான் பாராட்டாத்தான் சொன்னேன் சிஸ்டர்!"

"பாராட்டா?"

"ஆமா! தப்பாவே சொல்லலியே. வான்கோழி என்ன இறைச்சியா?"

ஜூனியஸ் கண்ணை மூடிக்கொண்டான். நெட்டை மனிதர் எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆர்டீலியா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது வெறும் கோபம் இல்லை என்பது தியோட்டிஸுக்கு அப்போதே தெரிந்தது. எதற்கு அவ்வளவு அடிபட்ட முகம் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. போகப் போக வளரவும் செய்தது. ஒரு கழுத்து இரண்டானது, இரண்டு ஒரு பானை நிறையக் கழுத்துகளானது. யாரோ ஒருத்தி எலும்பு பல்லில் கடிபட்டதாகவே சொன்னாள். சைவக்காரர்கள் கடைப்பக்கம் வரவில்லை. விரதக்காரர்களுக்கோ வேறு பயம். தின்ற கீரையில் கழுத்து இருந்தது உண்மையானால் மூன்று வார விரதமும் வீண், அப்படியானால் முதலிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்று ஒருவர் சொல்ல, பாடகர் குழு ஒத்திகையில் ஒரு ஆண்குரல் நிஜமாகவே அழுதுவிட்டது. பாஸ்டருக்குத் தொலைபேசியை வைக்க நேரமில்லை. கடைசியில் அவர் தியோட்டிஸைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று இந்த விஷயத்தை நீங்களே தீர்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனான். வழக்கமாக நிற்க இடமில்லாத நேரம் அது. இப்போது ஆர்டீலியாவின் தங்கை ரோவினா கல்லாவில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான தட்டுகளில் உணவு அப்படியே இருந்தது. இதைத் தன் வாய்தான் செய்தது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

"ஒரே ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன் சிஸ்டர்."

"மன்னிப்ப வச்சி நான் என்ன பண்றது? வாணலியில போட்டு வதக்கவா?" என்றாள் ஆர்டீலியா. "வாயால சொன்னீங்கல்ல, இப்பக் கண்ணால பாருங்க. நாளைக்குக் கட தொறக்கறதுக்கு முன்னாடி வாங்க. கைய நல்லாக் கழுவிட்டு வாங்க."

சனிக்கிழமை விடியற்காலையில் அவன் சமையலறையில் நின்றான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ரோவினா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இருந்ததிலேயே பெரிய ஏப்ரன் ஒன்றை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். எதிரே பெட்டி பெட்டியாகக் கீரை இருந்தது. ஒவ்வொரு இலையும் விசிறி அகலம். நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு இலையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தவேண்டும். அமிழ்த்தினான், அலசினான், முடிந்தது என்று கையை உதறினான்.

ஆர்டீலியா தொட்டிக்கு அடியில் விரலை ஓட்டி எடுத்து அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் மணல்.

"பஸ்ஸக் கழுவுற மாதிரி கழுவியிருக்கீங்க. மேல பளபளப்பா இருக்கு, உள்ள மண்ணு."

"இன்னொரு தடவையா?"

"மண்ணு போற வரைக்கும்."

மூன்றாவது தண்ணீரில்தான் அடி தெளிந்தது. அவன் விரல்கள் விறைத்துப்போயின. அவள் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"ரோவினா, போயி மேஜையெல்லாம் தொட."

"தொடச்சாச்சே."

"மறுபடியும் தொட."

ரோவினா அக்காவைப் பார்த்தாள், ஏப்ரனுக்குள் நிற்கிற டீக்கனைப் பார்த்தாள், ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். தனியாக வைத்து நன்றாகத் திட்டப் போகிறாள் என்று தியோட்டிஸ் முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டான்.

ஆனால் திட்டு விழவில்லை. அலமாரியைத் திறந்தாள். எதை எடுத்தாள், எதை எதில் வாட்டினாள், எப்போது மூடினாள், எப்போது திறந்தாள் என்பதையெல்லாம் அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கும் அந்தக் கடையில் இன்னும் பல வருடம் சாப்பிடவேண்டியிருக்கிறது. இறைச்சி இல்லை, எலும்பு இல்லை, வான்கோழியின் நிழல்கூட இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சிறிது நேரத்தில் அந்தப் புகை வாசம் எழுந்து அறையை நிறைத்தது. தியோட்டிஸ் வாயைப் பிளந்தபடி நின்றான்.

"இவ்ளோ பாடா?" என்றான் கடைசியில். "இதுக்கு ஒரு கழுத்தப் போட்டுட்டு..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவ்வளவு அறிவாவது அவனுக்கு இருந்தது.

அவள் சட்டியைக் கிளறிக்கொண்டே பேசினாள். "என் வீட்டுக்காரர் லீலண்டுக்கு கீரைன்னா உசுரு. பன்னிக்கால் போட்ட கீரை. டாக்டர் வேண்டாம்னார், இவர் சிரிச்சார். அம்பது வயசுகூட ஆகல, நெஞ்சு நின்னுபோச்சு. பொதச்சிட்டு வந்து சர்ச்சுல சாப்பாட்டுக்கு உக்காந்தா, மேஜை நெறைய அவர எது கொன்னுச்சோ அதுவே தட்டு தட்டா இருக்கு. யாரையும் தப்பு சொல்லல, அன்பாத்தான் செஞ்சு கொண்டாந்தாங்க. எனக்கு ஒரு வாய் உள்ள எறங்கல."

அவன் ஏப்ரன் நுனியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் எனக்கு ஒரு வெறி. அந்த ருசி இருக்கணும், ஆனா இறைச்சி இருக்கக் கூடாது. வருஷக்கணக்கா கிண்டினேன். ஒரு நாள் வந்துருச்சு. வந்த அன்னிக்கு, சாப்ட்டுப் பாத்து இறைச்சின்னு ஏமாந்துபோறதுக்கு அவர் இல்ல." அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "வியாழக்கிழம நீங்க கேட்டீங்களே, லீலண்டு இருந்திருந்தா அதையேதான் கேட்டிருப்பார். அவரும் உங்கள மாதிரிதான், மெதுவாப் பேசத் தெரியாது. அதான் எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு."

இந்த மூன்று வருடமும் இவளிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தானே தவிர, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் தியோட்டிஸ் கேட்டதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று அந்த அடுப்பின் முன் முடிவு செய்தான். இவளுடைய பெயரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவேண்டும். அடுத்த ஜனவரியில் வேறெங்காவது போய் வேகவைத்த முட்டைக்கோஸைத் தின்றுகொள்ளலாம்.

"நாளைக்குப் பாத்ததச் சொல்லுங்க டீக்கன். கூட ஒண்ணும் சேக்காதீங்க" என்றாள் அவள்.

"எப்படி அந்த ருசி வருதுன்னு கேப்பாங்களே?"

"அது உங்க பாடு."

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. விரதம் முடிகிற நாளென்றால் கூட்டம் அதிகம்தான். கீழே கூடத்தில் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது, அதன் வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வந்து எல்லோரையும் படாதபாடு படுத்தியது. ஆர்டீலியா இந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. இருந்தும் நீலத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு ரோவினாவோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

தியோட்டிஸ் எழுந்து மைக் முன்னால் வந்தான். அவனுக்கு மைக் தேவையே இல்லை.

"சபையாரே, வியாழக்கிழம நான் ஒரு வார்த்த சொன்னேன். அது பொய். சிஸ்டர் ஆர்டீலியா கிரம்ப்போட கீரையில வான்கோழி இல்ல."

"சொல்லுங்க டீக்கன்!" என்றது பெண்கள் பக்கம்.

"கழுத்து இல்ல, எறக்க இல்ல, எலும்பு இல்ல."

"ஆமென்!"

"அப்ப அந்தப் புகை வாசம் எங்கருந்து வருது?" என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு குரல் கேட்டது. வியாழக்கிழமை அழுத அதே ஆள். மறுபடி விரதம் இருக்கவேண்டுமா என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை.

"எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"அது என்னோடது இல்ல."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஜூனியஸால் சும்மா இருக்க முடியவில்லை. "இவன் சாட்சி செல்லாதுங்க! மூணு வருஷமா அந்தம்மா பேரச் சொல்லிப் பெருமூச்சு விட்டுட்டிருக்கான். சட்டிக்குள்ள முழு வான்கோழி உக்காந்து கைய ஆட்டினாக்கூட இல்லன்னுதான் சொல்வான்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். தியோட்டிஸின் காதுகள் எரிந்தன. மூன்று வருடம் பொத்திவைத்ததைப் பால்ய நண்பன் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். தியோட்டிஸ் கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவே இல்லை. அவளுடைய பெயரைக் காப்பாற்ற வந்த இடத்தில், தன் ஆசையினாலேயே தன் சொல் எடுபடாமல் போய்விட்டதே என்பதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

அப்போது மதர் ஹேஸல் கைத்தடியைத் தரையில் தட்டினாள். சபை அடங்கியது.

"டீக்கன், நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எப்படித் தெரியும் உனக்கு?"

"நான் பாத்தேன் மதர். நேத்து அங்கதான் இருந்தேன்."

"எங்க, கல்லாப் பக்கமா?"

"சமையக்கட்டுல. அடுப்புப் பக்கத்துல."

"எல்லாத்தையும் போடறப்பவும் நீ நின்ன?"

"நின்னேன்."

மதர் ஹேஸல் மெதுவாகப் பின்னால் திரும்பினாள். "ரோவினா, உன் அக்கா என்ன போடறான்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கா?" ரோவினா எழுந்தாள். "கூடப் பொறந்தவ நான். கடை ஆரம்பிச்ச நாள்லருந்து அங்கதான் கெடக்கேன். அந்த நேரம் வந்தா என்னை வெளிய அனுப்பிருவா. நேத்தும் தொடச்ச மேஜையவே தொடச்சிட்டிருந்தேன்!"

சபை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"கேட்டீங்களா?" என்றாள் மதர் ஹேஸல். "சட்டிக்குள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருக்கறவ, இந்த ஊர்லயே பெரிய வாய்க்காரனக் கூப்பிட்டு அடுப்புப் பக்கத்துல நிறுத்துவாளா? சட்டி சுத்தம். எனக்குத் திருப்தி. விரதமும் செல்லும்." பாடகர் குழுவில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கி நன்றி சொன்னான். மதர் ஹேஸல் இன்னும் உட்காரவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. என் மக்ரோனிக்கு என்ன போடறேன்னு என் வீட்டுக்காரருக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழிச்சுத்தான் காட்டினேன். நீ எந்த வகையில அவளுக்கு உறவு, டீக்கன்?"

தன்னுடைய விலா எலும்புச் சாற்றில் என்ன சேர்க்கிறான் என்று ஜூனியஸுக்கே இன்றுவரை சொல்லாதவன் தியோட்டிஸ். சமையல் ரகசியத்தை மனசுக்கு நெருங்கியவர்களுக்குத்தான் காட்டுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா? தண்டனை என்று நினைத்து விடியற்காலையில் எழுந்து போனானே, போன இடத்தில் தனக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது இப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான். நீலத் தொப்பி நேராக இருந்தது. ஆர்டீலியா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கைவிசிறியால் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோதும்.

ஆராதனை முடிந்து கூட்டம் கீழே கூடத்துக்கு ஓடியது. ஓடியது என்று சரியாகத்தான் சொல்கிறேன். மூன்று வாரப் பசி. நீள மேஜைகளில் விலா எலும்பும் பொரித்த கோழியும் மலைபோல் குவிந்திருந்தன. எங்கள் சபையில் யார் யாருக்குத் தட்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். மனைவி கணவனுக்குப் போடுவாள். மற்றபடி ஒரு தட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால், அடுத்த வாரம் அதுதான் பேச்சு.

ஆர்டீலியா சுவரோரம் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தியோட்டிஸ் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் புகுந்தான்.

"சிஸ்டர், இந்தக் காராமணியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீக்கன், வாசத்துக்குக் கொஞ்சம் பன்னித்தோல்."

அடுத்த சட்டிக்கு நகர்ந்தான். "இந்தக் கீரையில?"

"இறைச்சியே கெடயாது. வெறும் வான்கோழிதான்."

"முட்டைக்கோஸ்?"

"பேக்கன் கொழுப்புல ஒரு புரட்டு. அதுகூட இல்லன்னா முட்டைக்கோஸ யாரு தின்னுவா?"

மக்ரோனியில் பாலாடைக்கட்டி, சோளரொட்டியில் முட்டை, பீன்ஸில் பன்றிக்கால். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். தியோட்டிஸ் நகரவில்லை. ஒவ்வொரு சட்டிக்காரியையும் குறுக்கு விசாரணை செய்துகொண்டே அவன் மேஜையின் மறுகோடியை அடைந்தபோது, தட்டில் ஒரு வேகவைத்த சோளக்கதிரும் நாலு துண்டு பீச் பழமும்தான் இருந்தன. முழு கூடமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தட்டைக் கொண்டுபோய் ஆர்டீலியாவின் முன்னால் வைத்தான்.

"இவ்ளோதான் கெடச்சுது" என்றான். "மேஜை முழுக்கத் தேடிட்டேன்."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷமா ஊருக்கே தட்டு போட்டுக் குடுத்துட்டிருக்கேன்" என்றாள். "எனக்கு ஒருத்தரும்..." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்க தட்டு எங்க?"

"மறந்துட்டேன்."

"அங்க விலா எலும்பு தீர்ந்துட்டிருக்கு. மூணு வாரமா அதுக்குத்தானே காத்துட்டிருந்தீங்க?"

"நான் அதுக்காகக் காத்துட்டிருக்கல, ஆர்டீலியா."

பக்கத்து மேஜையில் ஜூனியஸ் மெல்லுவதை நிறுத்தினான். ஆர்டீலியா பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தியோட்டிஸ் உட்கார்ந்தான். அவள் சோளக்கதிரை இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை அவன் கையில் கொடுத்தாள்.